பயிர்க்காவல் துப்பாக்கி: வெந்நீரும் பழந்துணியும் செய்யும் காவல்

மலையடிவாரங்களிலும் காட்டையொட்டிய சிற்றூர்களிலும் வேளாண்மை செய்யும் அங்கத்தினர்களுள் சிலரிடம் உரிமம் பெற்ற பயிர்க்காவல் துப்பாக்கி உண்டு. பெரும்பாலும் அது குழலின் வாய் வழியே கருமருந்தைப் போட்டுக் கெட்டிக்கும் பழைய முறைத் துப்பாக்கியாகவே இருக்கும். விளைச்சல் காலத்தில் சில இரவுகள் அது வெளியே வரும். வெறும் மருந்தைக் கெட்டித்து ஓசை எழுப்பிவிட்டு மீண்டும் பெட்டிக்குள் போய்விடும். ஆண்டின் எஞ்சிய நாள்களெல்லாம் அது பூட்டுக்குள்ளேயே கிடக்கும்.

இவ்வாறு கிடக்கும் காலத்தில்தான் துப்பாக்கி கெடுகிறது. அதனைக் கெடுப்பது துரு. பார்வைக்குக் குழலின் வெளிப்புறம் பளபளப்பாக இருக்கும். உட்புறத்திலோ அம்மை வடுப் போன்ற குழிகள் விழுந்து, இரும்பு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வரும். மெலிந்த குழல் ஒருநாள் மருந்தின் வேகம் தாங்காமல் பிளக்குமானால், சேதம் துப்பாக்கியோடு நிற்காது. குழலைத் தாங்கிப் பிடிக்கும் இடக்கையும், அதன்மேல் குனிந்து குறி பார்க்கும் கண்ணும் ஆபத்துக்கு உள்ளாகும். ஆகவே துப்பாக்கியைச் சுத்தம் செய்வது அழகு கருதிய செயலன்று; அது உடைமையாளரின் உடலைக் காக்கும் செயலாகும்.

இதற்கென்று தனியாக விற்கப்படும் எண்ணெய்களும் கரைப்பான்களும் சிறு சிறு புட்டிகளில் அதிக விலைக்குக் கிடைக்கின்றன. சிறு விவசாயி அவற்றை வாங்க முற்படுவதில்லை. கையில் கிடைத்த எண்ணெயைத் தாராளமாகப் பூசிவிட்டு, கடமை முடிந்தது என்று பெட்டியை மூடிவிடுகிறார். அடுத்த பருவத்தில் திறந்து பார்த்தால், அத்தனை எண்ணெய்க்கும் அடியில் துரு இருக்கிறது. எண்ணெய் மட்டமானது என்று அவர் எண்ணுகிறார். உண்மைக் காரணம் அதுவன்று. எண்ணெய் பூசுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று விடுபட்டுவிட்டது. அந்த வேலைக்கு வேண்டிய பொருள்கள் யாவும் எந்த ஏழை வீட்டிலும் இருப்பவை: வெந்நீர், சிறிது சோப்பு, பழந்துணி.

எண்ணெய்க்கு அடியில் துரு ஏன்?

கருமருந்து மூன்று பொருள்களின் கலவை. 100 பங்கில் ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இக்கலவை எரியும்போது முழுவதும் புகையாகிப் போய்விடுவதில்லை. எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பகுதி கறுப்புப் பிசுக்காகக் குழலின் உட்சுவரில் படிகிறது. இப்பிசுக்கில் பெரும்பகுதி பொட்டாசிய உப்புக்கள். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதைப் பெண்மணிகள் யாவரும் அறிவர். குழலுக்குள்ளும் அதுவே நடக்கிறது.

மருந்தைப் பற்றவைக்கும் கேப்பிலும் ஒரு தீங்கு உண்டு. பழைய வகைக் கேப்புக்களில் பொட்டாசியம் குளோரேட் என்னும் பொருள் கலந்திருக்கும். அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாக மாறிக் குழலில் படிகிறது. இந்தப் பெயரைக் கேட்டு அங்கத்தினர்கள் மலைக்க வேண்டியதில்லை. வாழைக்கும் நெல்லுக்கும் மரவள்ளிக்கும் நாம் மூட்டையாக வாங்கி இடும் பொட்டாஷ் உரம் இதே பொருள்தான். பொட்டாஷ் மூட்டையின்மேல் மறந்து வைத்த மண்வெட்டியோ அரிவாளோ என்ன கதியாகிறது என்பதை விவசாயிக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா? அந்த உப்பை ஒரு கிள்ளு எடுத்துக் குழலின் உட்புறமெங்கும் தூவி வைத்தாற்போன்ற நிலையில்தான், சுட்டபின் கழுவாத துப்பாக்கி பெட்டிக்குள் போகிறது.

இவ்வுப்புக்கள் நீரில் எளிதாகக் கரையும், எண்ணெயில் கரையமாட்டா. செய்தி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியுள்ளது. உப்பின்மேல் எண்ணெய் பூசினால் உப்பு அகலுவதில்லை; எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் அப்படியே தங்கி, மெல்ல மெல்ல ஈரத்தை ஈர்த்து இரும்பை அரித்துக்கொண்டிருக்கும்.

இதனை அமெரிக்க நாட்டின் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1922-இல் வெளியிட்டார். எண்ணெய்ப் படலங்களுக்கு அடியில் நேரும் அரிப்பு என்பதே அவருடைய ஆய்வுரையின் தலைப்பு. அதற்கு முன்பு, புகையில்லா மருந்தின் அமிலமே துருவுக்குக் காரணம் என்று பலரும் கருதிப் பலவகைத் தைலங்களைத் தயாரித்து வந்தனர். குற்றவாளி கேப்பிலிருந்து வரும் உப்பே என்பதை ஹஃப் தெளிவுபடுத்தினார். பிரிட்டிஷ் இராணுவத்திலோ, .303 துப்பாக்கியைச் சுட்டு முடித்த சிப்பாய், புனல் வைத்துக் கொதிநீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. பட்டாளத்தில் பணிபுரிந்து ஊர் திரும்பிய பழைய தலைமுறையினர் பலர் இதனை அறிந்திருந்தனர். பெரிய அரசாங்கத்தின் படைக்கே கொதிநீர் போதுமானதாக இருந்ததெனில், நமக்கு அது போதாதா?

முதற்கண் கவனிக்க வேண்டியது

சுத்தம் செய்யத் தொடங்குமுன், துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சோதித்தறிதல் இன்றியமையாதது. தோட்டாத் துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் அவ்வாறு காண இயலாது. சென்ற பருவத்தில் கெட்டித்துச் சுடாமல் விட்ட மருந்து, ஈரம்படாமல் இருந்தால், பல ஆண்டு கழித்தும் உயிரோடிருக்கும். “அது காலித் துப்பாக்கிதான்” என்ற நம்பிக்கையே இத்தகைய விபத்துக்களின் வேர்.

சோதிக்கும் முறை எளிது. துப்பாக்கியின் வாய் ஆளில்லாத திசையை நோக்கியிருக்கட்டும். கேப்பு இருந்தால் முதலில் அதனை அகற்ற வேண்டும். பிறகு மருந்து கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் மெதுவாக இறக்க வேண்டும். கோலின் தலைக்கு நேரே முகத்தையோ உள்ளங்கையையோ வைத்தலாகாது. பக்கவாட்டில் பிடித்து இறக்குக. கோல் எதுவரை சென்றதோ அந்த இடத்தைக் குழல் வாயின் விளிம்போடு விரலால் குறித்துக்கொண்டு, வெளியே எடுத்துக் குழலின் வெளிப்புறத்தே வைத்து அளந்து பார்க்க வேண்டும். குழல் காலியாக இருந்தால், கோலின் நுனி கேப்பு பொருத்தும் குமிழுக்கு அருகில் வரும். இரண்டு மூன்று அங்குலம் முன்னதாகவே நின்றுவிட்டால், உள்ளே மருந்து இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அத்தகைய துப்பாக்கியைக் கழற்றவோ, சூடு காட்டவோ, உள்ளிருப்பதைக் குடைந்தெடுக்கவோ முயலாமல், உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் முன்கூட்டியே விவரம் சொல்லி ஒப்படைப்பதே அறிவுடைமை.

காலியென்று உறுதியாகத் தெரிந்த ஒருநாளில், கோலில் குழல் வாயின் மட்டத்துக்கு நேராக ஒரு கீறல் இட்டு வைப்பது நலம். பின்னர் எப்பொழுது கோலை இறக்கினாலும், கீறல் வாயின் மட்டத்துக்கு வருகிறதா என்று பார்த்த மாத்திரத்தில் நிலைமை விளங்கிவிடும். இந்த ஒரு கீறலுக்குக் காசு செலவில்லை. அது காக்கும் உயிருக்கோ விலையில்லை.

சுத்தம் செய்யும் இடத்தில் மருந்து, கேப்பு, தோட்டா எதுவும் இருத்தலாகாது. அடுப்பும் விளக்கும் பீடியும் அருகில் வேண்டா. குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட வேண்டும்.

வேண்டிய பொருள்கள்

துணியைப் பற்றி நம் நெசவாளர் அங்கத்தினர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. எனினும் விவசாயிகளின் பொருட்டுச் சில கூற வேண்டும். பலமுறை துவைத்து மெதுவாகிப் போன பருத்தி வேட்டியோ துண்டோ இதற்கு மிகவும் ஏற்றது. தறியிலிருந்து அறுத்த புதுத் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். கஞ்சி ஈரத்தை நன்கு உறிஞ்சவொட்டாது; குழலிலும் படியும். ஆகவே புதுத் துணியாயின் வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். பாலியெஸ்டர் நீரை உறிஞ்சாது. தறிக் கழிவாக விழும் நூல் துண்டுகளைச் சுருட்டிக் குழலுக்குள் விடுவது தவறு. நூல் பிரிந்து உள்ளே தங்கிவிடும். துணியை இரண்டு மூன்று அங்குலச் சதுரங்களாகக் கிழித்துக்கொண்டால், ஒரு பழைய வேட்டி பல ஆண்டுகளுக்கு வரும். பிரிட்டிஷ் இராணுவம் இதற்கென்றே 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் என்ற கணக்கில் கோடிட்ட மெத்தென்ற பருத்தித் துணியைச் சுருள் சுருளாக வழங்கி வந்தது. அளவில் ஒழுங்கு இருந்தால் துணி வீணாவதில்லை.

கோல் மரத்தாலோ பித்தளையாலோ ஆனதாக இருத்தல் வேண்டும். இரும்புக் கம்பி குழல் வாயின் விளிம்பைத் தேய்த்துவிடும். மூங்கில் சிராய் பிளந்து உள்ளே சிக்கக்கூடும். கோலின் நுனியில் துணியைக் கோத்துப் பிடிக்கும் பிளவோ, பித்தளைத் திருகோ உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. இவற்றோடு ஒரு பழைய வாளி, சிறிது குளியல் சோப்பு, நுண்ணிய இடங்களுக்கு ஒரு கோழி இறகு, ஒரு புட்டித் தையல் இயந்திர எண்ணெய் ஆகியவை இருந்தால் போதும்.

வாளியைச் சமையலுக்கோ குளிப்பதற்கோ மீண்டும் பயன்படுத்துதல் கூடாது. ஈய ரவையின் துகளும் கேப்பின் கழிவும் நீரில் கலந்திருக்கும்; ஈயம் நஞ்சு.

கழுவும் முறை

சுட்ட அன்றே கழுவுவது சிறந்தது. மறுநாளைக்குத் தள்ளிப் போடுதல், மழைக்காலமாயின், துருவுக்கு ஓர் இரவைத் தானமாகக் கொடுப்பதாகும்.

முதலில் குழலைக் கட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். குமிழை அதற்கென்று உள்ள சாவியால் கழற்றுக. குழலின் அடிப்பக்கத்தை வாளியிலுள்ள வெதுவெதுப்பான சோப்பு நீரில் அமிழ்த்தி, ஈரத்துணி கோத்த கோலை மேலும் கீழும் இழுக்க வேண்டும். பம்பு நீரை இழுப்பதுபோலக் குழல் குமிழ்த் துளையின் வழியே நீரை உறிஞ்சிக் கக்கும். முதல் நீர் மைபோல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். கந்தகம் கலந்த பிசுக்கு கரைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். நீரை மாற்றி, இரண்டு மூன்று முறை, தெளிந்த நீர் வரும்வரை இவ்வாறு செய்க.

கடைசியாகச் சோப்பு இல்லாத கொதிநீரைப் புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்ற வேண்டும். குழல் கை பொறுக்காதபடி சுடும். ஆகவே தடித்த துணியால் பிடித்துக்கொள்க. கொதிநீர் ஊற்றுவதில் இரண்டு நன்மைகள் உள்ளன. எஞ்சிய உப்பும் கரைந்து வெளியேறும். இரும்பு சூடேறித் தன் சூட்டினாலேயே விரைவில் உலரும். ஆயினும் சூடான இரும்பை ஈரத்தோடு விட்டுவைத்தால், கண்ணெதிரே செம்மை படர்வதைக் காணலாம். எனவே உடனே உலர்ந்த துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, துணி வெள்ளையாகவும் உலர்ந்தும் வெளிவரும் வரை துடைக்க வேண்டும். உள்ளே விட்ட துணிகளையும் வெளிவந்த துணிகளையும் எண்ணிச் சரிபார்ப்பது அவசியம். மறந்து விட்ட ஒரு துணித் துண்டு, அடுத்த முறை சுடும்போது குழலைப் பிளக்கப் போதுமானது.

குழல் இளஞ்சூடாக இருக்கும்போதே எண்ணெய் தோய்த்துப் பிழிந்த துணியை ஒருமுறை விட வேண்டும். எண்ணெய் மெல்லிய படலமாக இருந்தால் போதும். வழியும்படி பூசுவதில் பயனில்லை. குமிழைத் தனியே கழுவி, துளையை இறகின் காம்பால் துருவி, உலர்த்தி, திருகில் சிறிது எண்ணெய் தடவிப் பொருத்துக. குதிரையையும் அதன் விசையையும் நீரில் அமிழ்த்தலாகாது. ஈரத்துணியால் பிசுக்கைத் துடைத்து, உலர்த்தி, கோழி இறகால் ஒரு துளி எண்ணெய் இட்டால் போதும்.

குழலைப் பிரிக்க இயலாத துப்பாக்கியாயின் நீரை ஊற்ற வேண்டா. நீர் கட்டைக்குள் இறங்கி மரத்தை உப்பச் செய்யும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணிகளையே பலமுறை விட்டுத் துடைத்து, பின் உலர்த்தி எண்ணெயிடுக.

வேலை இத்தோடு முடியவில்லை. மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பாருங்கள். செம்பழுப்பு நிறம் ஒட்டி வந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. மீண்டும் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்தும் இவ்வாறே சோதித்து, துணி சுத்தமாக வந்தால் நிம்மதியாகப் பெட்டியை மூடலாம்.

எந்த எண்ணெய்?

சமையலறை எண்ணெய்களைப் பற்றி அங்கத்தினர்கள் கேட்பதுண்டு. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் காற்றுப் பட்டு நாளடைவில் பிசினாகிவிடும், விசை ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு விரைவில் பிசினாகாது; ஆனால் குளிரில் உறைந்துவிடும். மலைப்பகுதியில் மார்கழி அதிகாலையில் குதிரை அசையாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். விளக்கெண்ணெய் விசைக்கு மிகவும் கெட்டியானது. வேறு ஒன்றும் கிடைக்காதபோது நான்கைந்து நாள்களுக்கு இவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தலாம். நீண்ட காலச் சேமிப்புக்கு ஏற்றதல்ல. கனிம எண்ணெயாகிய தையல் இயந்திர எண்ணெயே சிக்கனமும் நம்பகமும் உடையது. ஒரு சிறு புட்டி ஒரு துப்பாக்கிக்கு ஓராண்டுக்கு மேல் வரும்.

மண்ணெண்ணெய் பிசுக்கை இளக்கும். ஆனால் ஆவியாகிப் போய்விடுவதால் காவல் தராது. உப்பையும் கரைக்காது. பல ஊர்களில் இன்று அது கிடைப்பதும் அரிதாகிவிட்டது. கருமருந்துத் துப்பாக்கிக்கு அது தேவையே இல்லை.

மரக் கட்டைக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் மிக நன்று. அது மரத்தில் ஊறி உலர்ந்து, ஈரத்தை ஓரளவு தடுக்கும் பூச்சாக நிற்கும். ஆயின் ஓர் எச்சரிக்கை: அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், உலரும்போது உண்டாகும் சூட்டினால் தானே தீப்பற்றக்கூடும். பாவும் ஊடையும் குவிந்து கிடக்கும் நெசவாளர் வீட்டில் இது எத்துணை ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அத்துணியை விரித்து வெளியில் உலரவிடுக. அல்லது நீரில் ஊற வைத்துப் பின் அப்புறப்படுத்துக.

மீண்டும் மருந்து கெட்டிக்கும் நாளில், குழலிலுள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் முற்றும் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெயில் நனைந்த மருந்து பற்றாமல் போகும். அல்லது தாமதித்துப் பற்றும். கேப்பு வெடித்தும் மருந்து பற்றாவிட்டால், வாயைப் பாதுகாப்பான திசையிலேயே நீட்டிப் பிடித்து, சற்று நேரம் பொறுத்திருத்தல் வேண்டும். உடனே திருப்பிப் பார்ப்பவர்களே விபத்துக்குள்ளாகிறார்கள்.

செய்யத்தகாதவை

புளி, எலுமிச்சை, காடி ஆகியவை பித்தளைப் பாத்திரத்துக்கு நல்லவை. துப்பாக்கி இரும்புக்குப் பகை. துருத் தடுப்புக்காகக் குழலுக்கு ஏற்றிய கருநீல நிறத்தை அவை உரித்துவிடும். செங்கற்பொடி, மணல், உப்புத்தாள் முதலியன துருவோடு நல்ல இரும்பையும் தேய்க்கும். வெளுப்புத் தூளில் குளோரின் உண்டு. அதனை அருகிலும் கொண்டு வருதல் கூடாது. குழலுக்குள் ஆழமான குழிகள் தென்பட்டாலோ, அடிப்பக்கத்தில் விரிசல் போன்ற கோடு காணப்பட்டாலோ, எந்தச் சுத்தமும் அதனைச் சீராக்காது. அத்துப்பாக்கியைச் சுடுவதை நிறுத்தி, உரிமம் பெற்ற தொழிலாளியிடம் காட்டுவதே முறை.

தோட்டாத் துப்பாக்கி

சில அங்கத்தினர்களிடம் 12-ஆம் எண் தோட்டாத் துப்பாக்கி இருக்கலாம். இக்காலத் தோட்டாக்கள் பெரும்பாலும் புகையில்லா மருந்தும், உப்பை விட்டுச் செல்லாத கேப்பும் கொண்டவை. இவற்றின் கசடு நீரில் கரையாது. எண்ணெய்ப் பசையுடைய கரைப்பானே தேவை. டர்பெண்டைன் தோய்த்த துணியை விட்டுச் சிறிது நேரம் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தபின் எண்ணெயிட்டால் போதும். டர்பெண்டைன் தீப்பற்றக்கூடியது, திறந்த வெளியிலேயே இவ்வேலையைச் செய்க. அமெரிக்காவில் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச்சாலையின் பழைய கலவையொன்றை ஹாட்சர் என்பவர் 1947-இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக் கூறியிருக்கிறார். அதிலும் மண்ணெண்ணெயும் டர்பெண்டைனும் போன்ற எளிய பொருள்களே முக்கியமானவை. சிக்கனம் ஏழைகளின் கொள்கை மட்டும் அன்று என்பது இதனால் விளங்கும்.

சேமித்து வைத்தல்

தோல் உறைக்குள் துப்பாக்கியை நெடுநாள் வைத்தலாகாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்; பதனிட்ட இரசாயனமும் இரும்பைத் தாக்கும். குழல் வாயைத் துணியால் அடைப்பதும் தவறு. ஈரம் உள்ளே சிறைப்படும்; அடைப்பை மறந்து சுட்டால் குழல் வெடிக்கும். அடைக்காத குழலில் குளவி மண்கூடு கட்டுவதும் உண்டு. ஆதலின் ஒவ்வொரு முறையும் கெட்டிப்பதற்கு முன் கோலை விட்டுப் பார்ப்பது கட்டாயம். வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து வைத்தால், மிகுதி எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. பெட்டி பூட்டியே இருக்க வேண்டும். மருந்தும் கேப்பும் வேறிடத்தில் பூட்டப்பட வேண்டும்.

தேர்தல் காலங்களில் அதிகாரிகளின் ஆணைப்படி துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரிடுகிறது. பல வாரங்கள் அவை அங்கே நம் கண்ணுக்கும் கைக்கும் எட்டாமல் இருக்கும். ஒப்படைப்பதற்கு முந்திய நாளே கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டுக் கொடுப்பது உடைமையாளரின் பொறுப்பு. திரும்பி வந்த அன்றே காலியென்று சோதித்து மீண்டும் துடைக்க வேண்டும்.

குடகு நாட்டு வழக்கம்

நமக்கு மேற்கே, காவிரி பிறக்கும் குடகு நாட்டில் துப்பாக்கியைத் துலக்குவதற்கென்றே ஒரு திருநாள் உண்டு. கைல்போள்து என்பது அதன் பெயர். நாற்று நடவு முடிந்தபின், பெரும்பாலும் செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அது கொண்டாடப்படுகிறது. நடவுக் காலத்தில் ஒதுக்கி வைத்திருந்த ஆயுதங்களை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, மலர் சூட்டி வழிபடுகிறார்கள். அவர்கள் சூட்டும் மலர் நம் மாநில மலராகிய செங்காந்தளே. துப்பாக்கிப் பூ என்று பொருள்படும் பெயரால் அதனை அழைக்கிறார்கள். கொங்கு நாட்டில் விதைக்காகச் செங்காந்தள் பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு இச்செய்தி மகிழ்ச்சியளிக்கும்.

இவ்வழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் கடுமை தணியும் வேளையில் ஊரார் அனைவரும் ஒரே நாளில் ஆயுதங்களை வெளியே எடுத்துப் பார்க்கிறார்கள். மழை செய்த கேடு அன்றே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. நாமும் ஆயுத பூசையன்று தறிக்கும் ஏருக்கும் பொட்டிடுகிறோம். பொட்டிடுவதற்கு முன் உள்ளும் புறமும் துலக்குவது என்ற ஒழுக்கத்தைச் சேர்த்துக்கொண்டால், வழிபாடு பயனுடையதாகும்.

சட்டமும் சங்கமும்

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளிக்கிறது. ஆனால் துப்பாக்கி உரிமம் விலங்கைச் சுடும் உரிமமன்று. காட்டுப்பன்றி, புள்ளிமான், மயில் முதலியவற்றை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. உரிய அதிகாரியின் அனுமதியின்றி அவற்றைச் சுடுவது குற்றம். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் உரிமம் வேண்டும் தொழிலே. எனவே சங்கம் தன் கட்டடத்தில் துப்பாக்கிப் பட்டறை ஏதும் வைத்தலாகாது. உடைமையாளர் தத்தம் வீட்டில் தத்தம் துப்பாக்கியைக் கழுவி எண்ணெயிடுதலே இங்குக் கூறப்படுவது.

சங்கம் செய்யக்கூடிய உதவி வேறு. பித்தளைத் தூரிகை, குமிழ்ச் சாவி, புனல் ஆகியவற்றை ஒரு தொகுதியாக வாங்கி வைத்து, தேவைப்படும் அங்கத்தினருக்குப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்து வாங்கலாம். ஆண்டில் சில நாள்களே பயன்படும் கருவியை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. இயந்திர எண்ணெயைப் பெரிய கலனாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் விலையும் குறையும். நெசவாளர் சங்கங்களில் விற்பனைக்கு உதவாத துண்டுத் துணிகளை அலசிக் கஞ்சி நீக்கி, சதுரங்களாக வெட்டி, கட்டுக் கட்டாக விவசாயச் சங்கங்களுக்குத் தரலாம். ஒரு சங்கத்தின் கழிவு மற்றொரு சங்கத்தின் தேவையாகுமாயின், அதுவும் கூட்டுறவுதானே!

துப்பாக்கி இல்லாத அங்கத்தினர்களும் இக்கட்டுரையிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. சாயப்பட்டறையில் உப்புக் கரைசல் தெறிக்கும் இரும்புக் கொக்கிகளும், உரக் கரைசல் ஓடிய தெளிப்பானும், பொட்டாஷ் அளந்த தராசும், வியர்வைக் கை பட்ட தறியின் இரும்புப் பகுதிகளும் ஒரே காரணத்தால்தான் துருப்பிடிக்கின்றன. அங்கும் முறை ஒன்றே. முதலில் நீரால் உப்பைக் கரைத்தெடுங்கள்; அடுத்து நன்றாக உலர்த்துங்கள்; அதன் பின்னரே எண்ணெய் இடுங்கள். இந்த வரிசை மாறினால் எத்தனை விலையுயர்ந்த எண்ணெயும் பயன் தராது. வரிசை மாறாதிருந்தால், அடுப்பில் காயும் ஒரு குடம் வெந்நீரே நம் கருவிகளுக்கு நெடுங்காலக் காவலாகும்.